தொட்டால் விலகாத பாசி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மீன்கார அக்காவிடம் வாங்கிய கட்லாவுக்காக அவரோடு சண்டை போட்டுக் காசைத் திரும்ப வாங்கினேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாக அன்னக்கூடையைச் சுமந்து போய் ஏரி மீன் விற்கிற பெண்களில் அவரும் ஒருவர். பன்னிரண்டு வருடப் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போதே வீடு முழுக்கச் சேற்று வாடை. கோடையில் ஏரி வற்றும்போது கரையில் அடிக்குமே, அதே வாடை. புளியை இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். அடங்கியது, போகவில்லை. மறுநாள் அவர் தெருவுக்குள் வந்ததும், "கெட்ட மீனைத் தலையில கட்டிட்டீங்களேக்கா" என்றேன். அவர் வாதாடவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து முந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். கூடையைத் தலைக்கு ஏற்றும்போது மட்டும் சொன்னார்: "மீனு கெடல டீச்சர். தண்ணி கெட்டுப்போச்சு. பாசி பூத்துடுச்சு. பாஞ்சு நாளா நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

யாரிடம் சொன்னீர்கள் என்று நான் அன்று கேட்கவில்லை. முந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். கேட்பதற்குச் சில மாதங்கள் ஆயின. கேட்ட பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் நான். குறுந்தொகையின் 399ஆம் பாடல், பரணர் பாடியது, எனக்கு மனப்பாடம். தலைவியின் பசலைக்கு அதில் ஓர் உவமை வரும். ஊரார் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் துறையில் பாசி படர்ந்திருக்கிறது. காதலன் தொடும்போதெல்லாம் பசலை அந்தப் பாசியைப் போல விலகுகிறது, கையை எடுத்ததும் மறுபடி மூடிக்கொள்கிறது. இந்த உவமையின் அழகைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் பேசியிருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டில் சில பக்கங்கள் எழுதியும் இருக்கிறேன். அந்தத் துறையில் இறங்கிப் பாசியை விலக்குகிற கை யாருடையது என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

குடத்தை முக்குவதற்கு முன்னால் பாசியைக் கையால் ஒதுக்கியவள் பெண்தான். குடிதண்ணீர் எடுப்பது அன்றும் இன்றும் யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை. உவமைக்குள் வந்ததும் அந்தக் கை காதலனின் கை ஆகிவிடுகிறது. தண்ணீரைத் தொட்டுத் தெரிந்துவைத்திருந்தவள் மறைந்துபோய், தொடப்படுவதற்காகக் காத்திருப்பவள் மட்டும் நம் பாடத்திட்டத்தில் மிஞ்சினாள். பரணரை நான் குறை சொல்லவில்லை. அவர் அந்தத் துறையைக் கண்ணால் பார்த்துத்தான் பாடியிருக்க வேண்டும். உரை எழுதியவர்களும், ஆய்வு செய்தவர்களும், என்னைப் போல் பாடம் நடத்தியவர்களும்தான் பார்க்கத் தவறினோம்.

இப்போது ஏரிக்குப் போவோம்.

ஏரியிலும் குளத்திலும் மீன் வளர்க்கிறவர்களுக்குப் பாசி பகையில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிதான் மீன்களின் உணவுச் சங்கிலிக்கு முதல் கண்ணி. அதற்காகவே சாணமும் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குவார்கள். பகலில் அந்தப் பாசி தண்ணீருக்கு ஆக்ஸிஜன் தருகிறது. இரவில் அதுவும் மீனைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. பாசி அளவோடு இருக்கும்வரை இரண்டும் சரிக்கட்டிப் போகும். மிஞ்சினால் விடியற்காலையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். இரண்டு நாள் மேகமூட்டம் சேர்ந்துகொண்டால், அல்லது பூத்த பாசி மொத்தமாகச் செத்து அழுகத் தொடங்கினால், ஒரே இரவில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும்.

அளவைப் பார்க்க மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு எளிய வழி உண்டு. கையை முழங்கைவரை தண்ணீரில் இறக்க வேண்டும். அந்த ஆழத்தில் உள்ளங்கை மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. மணிக்கட்டு நனையும்போதே உள்ளங்கை மறைந்தால் மிஞ்சிவிட்டது. ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம், தண்ணீரைத் தொடுகிற ஒரு கை போதும். விடியும் முன்பே கரைக்குப் போய் மீனுக்காகக் காத்திருக்கிற அக்கா பதினைந்து நாட்களாகச் சொன்னது இந்தக் கை கண்ட கணக்கை.

நீலப்பச்சைப் பாசி என்று ஒரு வகை. வெயிலும் அசையாத தண்ணீரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் மேலே மிதந்து, காற்று அடிக்கிற பக்கத்துக் கரையில் ஒதுங்கும். கையால் விலக்கினால் விலகாது. தண்ணீர் முழுக்கக் கலந்திருக்கும், விரலிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். அதில் சில வகைகள் ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன. மீனின் சதையில் அது சேரும்போதுதான் சேற்று வாடை. லிட்டருக்குப் பத்து நானோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு, தண்ணீரில் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மீன்காரப் பெண்ணின் மூக்கு அவ்வளவு நுட்பமான கருவி. நம் ஊரில் அதற்குப் பெயர் புலம்பல்.

வாடை அடிக்கிற மீனைச் சில நாட்கள் சுத்தமான தண்ணீரில் விட்டுவைத்தால் வாடை குறையும். ஆனால் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருக்கிற ஏரியில் குத்தகைக்காரர் அப்படிக் காத்திருக்க மாட்டார். சாவதற்குள் காசாக்க வேண்டும் என்று அவசரமாக வலை போடுவார். கரையில் நிற்கிற பெண்களின் கூடைகளில் அந்த மீன் கடனுக்கு ஏறும். எடுக்க மாட்டேன் என்றால் நாளைக்கு நல்ல மீன் வரும்போது கூடைக்கு விழாது. எடுத்தால் என்னைப் போன்ற ஒருத்தி கதவைத் திறந்து சண்டை போடுவாள். அக்கா பிறகு என்னிடம் சொன்னார்: "மீனு செத்தா அவருக்கு நட்டம். மீனு நாறுனா எனக்கு நட்டம்."

இந்த இரண்டாவது நட்டம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?

நம் ஊர் ஏரி, குளங்களில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை ஏலம் விடும்போது அதற்கு அரசு வழக்கில் என்ன பெயர் தெரியுமா? மீன்பாசிக் குத்தகை. பொதுப்பணித் துறை ஏரியானாலும் ஊராட்சிக் குளமானாலும் அறிவிப்புப் பலகையில் அப்படித்தான் எழுதுவார்கள். மீனும் பாசியும் சேர்த்து ஏலம். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டுக் கணக்கு. தலைவியின் பசலையை உரைகளில் விட்டுவிட்டு நாம் பசலிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஏலத்தில் எடுக்கும்போது பாசியும் குத்தகைதாரரின் சொத்து. அதே பாசி மிஞ்சிப்போய் மீன் செத்தால் மட்டும் அது திடீரென்று 'இயற்கைச் சீற்றம்' ஆகிவிடுகிறது. லாபத்துக்கு உடையவர் உண்டு, கேட்டுக்கு உடையவர் இல்லை. ஊர் சேர்ந்து தண்ணீர் எடுத்த துறையை மூடிய கையோடு பாசியை ஒருவர் பேருக்கு எழுதிக் கொடுத்தோம். அந்தப் பேர் பெரும்பாலும் ஆண் பேர்.

நிவாரணமும் காப்பீடும் அந்தப் பேரைத்தான் தேடிப் போகின்றன. ஒன்றிய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்த மீன்வளத் திட்டத்தில் மீன்வளர்ப்புக் காப்பீட்டுக்கு ஊக்கத்தொகை இருக்கிறது. பெண்களுக்குக் கூடுதல் சலுகையும் இருக்கிறது. நல்லது. ஆனால் தொகையைக் கணக்கிடுவது நீர்ப்பரப்பின் ஹெக்டேர் அளவில். அன்னக்கூடைக்கு ஹெக்டேர் கிடையாது. வலை இழுத்த பிறகு மீனைத் தரம் பிரிக்கிறவளுக்கும், ஐஸ் உடைத்துப் போடுகிறவளுக்கும், வாசலில் உட்கார்ந்து செதில் தேய்த்துக் கொடுக்கிறவளுக்கும் கிடையாது. குளம் அவள் பேரில் இருந்தால் சலுகை என்பது, சொத்து இல்லாதவளுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி கொடுப்பது மாதிரி.

வாடையோடு போனால் கூடப் பரவாயில்லை. சில பாசிகள் நஞ்சைச் சுரக்கின்றன. 1981-இல் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நச்சேறிய மட்டியைத் தின்று 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள், ஐந்நூறு பேர்வரை சிகிச்சை பெற்றார்கள். மட்டியும் சிப்பியும் கடல்நீரை வடிகட்டித் தின்னும் உயிர்கள். தண்ணீரில் இருக்கும் பாசியின் நஞ்சு அவற்றின் சதையில் தங்கிவிடும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தின்றவருக்கு உதடு மரத்து, கை கால் மரத்து, மூச்சு நின்றுபோகும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஏரியில் பூக்கும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சும் அப்படித்தான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஈரி ஏரியில் பூத்த பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்றால் அதுவும் கூடாது, கொதித்தால் தண்ணீர் சுண்டும், நஞ்சு சுண்டாது என்றார்கள்.

நம் வீடுகளில் சாப்பாட்டால் யாருக்காவது வயிறு கெட்டால் முதலில் வரும் கேள்வி என்ன? "என்ன சமைச்ச? சரியாக் கழுவினியா? நல்லா வேகவெச்சியா?" தண்ணீரில் சேர்ந்த நஞ்சுக்குச் சமையலறையில் விசாரணை நடக்கிறது. அடுப்பால் அழிக்க முடியாத ஒன்றுக்கு அடுப்படியில் நிற்பவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் அந்த விசாரணையைத்தான் நடத்தினேன். என் தெருவில் நின்ற ஒரு பெண்ணிடம் நடத்தினேன். குத்தகைக்காரர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டவில்லை.

கடலிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னைக் கடற்கரையில் அலை நீல வெளிச்சமாக மின்னியது. நகரமே செல்போனோடு ஓடியது. அதை நானும் பகிர்ந்தேன், இரண்டு வரிக் கவிதையும் சேர்த்து. மின்னியது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கம், குருசடைத் தீவையும் சிங்கில் தீவையும் சுற்றிக் கடல் பச்சையானது. அதே நாக்டிலூகாதான். மீனவர்கள் அதைப் பூங்கோரை என்கிறார்கள். அது பெருகி மடிந்தபோது தண்ணீரில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் செத்து ஒதுங்கின. பவளப்பாறைகளும் செத்தன. அந்தக் கடலில்தான் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக மூச்சைப் பிடித்து மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். சென்னைக்கு அது வேடிக்கை, அவர்களுக்கு அன்றாடக் கூலி. திறந்த கடலில் இருக்கும் மீன் கொஞ்சமாவது விலகி ஓடும். குளத்திலும் கூண்டிலும் வளர்கிற மீனுக்கு ஓட இடமில்லை. 2016-இல் சிலி நாட்டில் பாசி பூத்தபோது சுமார் 39,000 டன் சால்மன் மீன்கள் கூண்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தன. செத்த மீனில் பல ஆயிரம் டன்னைக் கம்பெனிகள் கடலில் கொட்டின. அதற்குப் பிறகு சிலோயே தீவின் சிறு மீனவர்களும் சிப்பி எடுப்பவர்களும் சாலைகளை மறித்துப் போராடினார்கள். கம்பெனிக்குச் செத்த மீனின் கணக்கு இருந்தது. அவர்களிடம் இருந்தது விற்க முடியாத சிப்பி.

இவ்வளவு பாசிக்குச் சோறு போடுவது யார்? இந்த இடத்தில் ஒரு பதில் தயாராகக் காத்திருக்கும்: துணி சோப்பு. "பெண்களே, சோப்புத்தூளைக் குறையுங்கள், ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று துண்டறிக்கை கொடுப்பார்கள். சோப்புத்தூளில் இருக்கும் பாஸ்பேட்டுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. வீட்டுத் துணி முழுவதையும் துவைக்கிறவளிடம் மட்டும் ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறேன். சட்டையை அழுக்காக்கியவர் அந்தத் துண்டறிக்கையில் இல்லை. சாக்கடையைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடும் நகராட்சிகள் இல்லை. நெல் வயலில் கொட்டுகிற யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் காற்றுக்கும் வடிகாலுக்கும் போகிறது. அந்த யூரியாவும் அதில் இல்லை.

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு யூரியாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்த ஊர் நிலக்கரியையும் மின்சாரத்தையும் மட்டும் தரவில்லை. 1966-இல் இங்கே தொடங்கிய உரத் தொழிற்சாலை யூரியா தயாரித்தது. பசுமைப் புரட்சி என்று நாம் படித்ததில் இந்த ஊர் மூட்டையும் சேர்ந்திருக்கிறது. அந்த ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. யூரியா மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் இங்கே நிலக்கரி வெட்ட முடியும். இறைத்த தண்ணீர் பரவனாற்றின் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது. அதாவது எங்கள் பக்கத்தில் ஏரித் தண்ணீர் என்பதே பல கைகள் பட்டு வருகிற தண்ணீர். ஆலை, வயல், சாக்கடை, குத்தகை எல்லாம் தொட்டு முடித்த பிறகு கடைசியாகத் தொடுகிறவள் பெண். குற்றப்பத்திரிகையில் மட்டும் அவள் பேர் முதலில்.

எதிர்த்து நின்ற பெண்கள் நம் மண்ணிலேயே உண்டு. தொண்ணூறுகளில் நாகப்பட்டினம் பக்கம் வயல்களை அழித்து இறால் பண்ணைகள் வந்தன. இறாலுக்குப் போடுகிற தீவனத்தின் நைட்ரஜனில் பெரும்பகுதி அதன் உடம்பில் சேராமல் கழிவுநீராக வெளியே போகும். பாசிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஜெகந்நாதனும் முன்னின்ற போராட்டத்தில் உழவுக்கூலிப் பெண்கள் திரளாக நின்றார்கள். குடிநீர் உப்பாகிவிட்டது என்று முதலில் சொன்னது குடம் சுமந்தவர்கள்தான். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இப்படிப்பட்ட இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. 2023-இல் வந்த திருத்தம், அதே மண்டலத்துக்குள் இந்த வளர்ப்பு அனுமதிக்கப்பட்ட தொழில்தான் என்று எழுதிவிட்டது. பெண்கள் வீதியில் நின்று வாங்கியதை, ஒரு திருத்தம் எடுத்துக்கொண்டது.

அக்காவுக்கு நான் அந்த முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "காசு கெடக்குது டீச்சர். ஏலம் விடறப்ப வந்து எங்களோட நில்லுங்க" என்றார். போனேன். கூடைக்காரப் பெண்கள் ஆறு பேர், நான் ஒருத்தி. நாங்கள் எழுதிக் கொண்டுபோன மனுவில் தண்ணீர் நாறுகிறது என்றிருந்தது. "ஆய்வறிக்கை இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றோம். "நீங்க யாரு, ஏலத்துல கலந்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அதற்கும் இல்லை என்றோம். அப்படியென்றால் பேச இடமில்லை என்று மனுவை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார்கள். பணம் கட்டியவருக்குத்தான் அங்கே பேச்சு. தண்ணீரைத் தெரிந்தவருக்கு இல்லை.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை இல்லை. மீன்பாசிக் குத்தகை ஒப்பந்தத்தில் பாசிக்கான பொறுப்பையும் எழுதுங்கள். என்ன உரம், என்ன தீவனம், எத்தனை மூட்டை போட்டீர்கள் என்று கரையில் பலகை வையுங்கள். தண்ணீரைச் சோதித்து முடிவைத் தமிழில், துறையிலேயே ஒட்டுங்கள். பாசி பூத்தால் மீன் பிடிப்பதையும் விற்பதையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம், ஏரியை நம்பிப் பிழைக்கும் பெண்கள் உள்ள குழுவுக்கு வேண்டும். நிறுத்துகிற நாட்களுக்குக் கூடைக்காரப் பெண்களுக்கும் கூலிப் பெண்களுக்கும் நிவாரணம் வேண்டும். இழப்பைக் கணக்கிடும்போது கூடையையும் எண்ணுங்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் ஏரியின் மீன்பாசிக் குத்தகை யார் பேரில் இருக்கிறது, கடைசியாகத் தண்ணீரை எப்போது சோதித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வரும்வரை ஒரு நாள் விடியற்காலையில் கரைக்குப் போங்கள். மேலே பாசி மிதந்தால் கையை விடாதீர்கள், அங்கே கூடையோடு நிற்கும் பெண்ணிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆய்வறிக்கை இருக்கா என்று கேட்கிறவர்களிடம் அதைக் கொடுப்போம்.

வருகிற பசலிக்கான ஏல அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்த முறை மனுவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது.